பரண்மேல் கிடந்த பிஎஸ்4-ல் லினக்ஸ்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம். பின்னணியில் கேட்ட குக்கர் விசிலை மட்டும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.)

காட்டுப்பாக்கத்தில் இருந்து பேசுகிறேன். போன வாரம் ஏன் எபிசோட் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. போன வாரம் முழுக்க என் அக்கா வீட்டு ஹாலில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4-ஐ முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதைதான் இன்றைக்கு.

அக்கா மகன் இந்த வருஷம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அவனுடைய அக்காவுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசு இலவச லேப்டாப் கிடைத்தது. 2011-ல் ஆரம்பித்த திட்டம். இவன் முறை வந்தபோது விநியோகம் நின்றுபோயிருந்தது. அக்காவின் லேப்டாப்போ எப்போதோ திரை உடைந்து, பேட்டரி உப்பி, பீரோவுக்கு மேலே போய்விட்டது. பையன் சி புரோகிராமை போனில் தட்டிக்கொண்டிருந்தான். கட்டைவிரலால் அடைப்புக்குறி போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். லேப் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "மாமா, பரண்ல இருக்கிற பிஎஸ்4-லயும் பிராசஸர், ரேம் எல்லாம் இருக்குல்ல? அதுவும் கம்ப்யூட்டர்தானே? அதுல லினக்ஸ் போட முடியாதா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "டேய், அதுல என் கேரியர் இருக்கு." அவர் சொன்னது வேலையை இல்லை. கிரிக்கெட் 19 விளையாட்டில் அவர் உருவாக்கி வைத்திருந்த ஒரு பேட்ஸ்மேன். ஷிப்ட் முடிந்து வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, வருஷக்கணக்காக ஏற்றிவிட்ட ஆள். பெட்டியில் டிஸ்க் டிரைவ் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் எடுத்து மேலே வைத்துவிட்டார். ஆனால் அதை விற்க மனசு வரவில்லை. ஆக எனக்கு இரண்டு நிபந்தனை: பையனுக்கு கம்ப்யூட்டர் வேண்டும், அப்பாவின் பேட்ஸ்மேன் சாகக் கூடாது.

பையன் கேட்டது சரியான கேள்வி. பிஎஸ்4-ல் இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் ஜாகுவார் வகை பிராசஸர். எட்டு கோர், 1.6 கிகாஹெர்ட்ஸ். 8 ஜிபி மெமரி. நம் லேப்டாப்களில் இருக்கும் அதே எக்ஸ்86 குடும்பம். அதன் உள்ளே ஓடும் இயங்குதளமே ஃப்ரீபிஎஸ்டி என்ற திறந்த மூல யூனிக்ஸில் இருந்து எடுத்துச் செய்ததுதான். இந்தியாவில் 2014 ஜனவரியில் 39,990 ரூபாய்க்கு வந்தது. அந்த விலைக்கு அன்றைக்கு ஒரு நல்ல லேப்டாப்பே வாங்கலாம். அப்புறம் ஏன் ஒரு பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பில் உபுண்டு போடுவது மாதிரி இதில் போட முடியவில்லை?

எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் உங்களை உள்ளே விட, செகரட்டரி கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். உள்ளே போனால் லிஃப்ட்காரர் அதே கையெழுத்தைக் கேட்பார். மாடியில் இன்னொருவர். கன்சோலும் இப்படித்தான் எழுந்திருக்கிறது. சிப்புக்குள் மாற்ற முடியாதபடி பதித்திருக்கும் ஒரு சின்ன நிரல், அடுத்த நிரலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும். அது அதற்கடுத்ததை. கையெழுத்துச் சாவி சோனியிடம் மட்டும் இருக்கிறது. லினக்ஸுக்கு அந்தச் சீட்டு கிடையாது. லேப்டாப்பிலும் 'செக்யூர் பூட்' என்று இதே ஏற்பாடு உண்டு. ஆனால் அதில் பெரும்பாலும் நீங்களே போய் அணைத்துவைக்கலாம். கன்சோலில் அந்த சுவிட்சே கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் சோனியே கதவைத் திறந்துவைத்திருந்தது.

2002-ல் பிஎஸ்2-வுக்கு ஒரு லினக்ஸ் கிட்டை சோனியே விற்றது. 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் அடாப்டர், மானிட்டர் கேபிள், லினக்ஸ் டிஸ்க் எல்லாம் ஒரே பெட்டியில். அமெரிக்காவில் 199 டாலர். 2006 நவம்பரில் பிஎஸ்3 வந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். செட்டிங்ஸ் மெனுவிலேயே 'வேறு இயங்குதளத்தை நிறுவு' என்று ஒரு வரி. ஹேக் கிடையாது, திருட்டுத்தனம் கிடையாது. எல்லோ டாக் லினக்ஸ் என்ற பதிப்பு அதற்கென்றே வந்தது.

பிஎஸ்3-க்குள் இருந்த செல் என்ற பிராசஸர் கணக்குப் போடுவதில் அசுரன். விளையாட்டு விற்று லாபம் பார்க்கலாம் என்று பெட்டியை ஆரம்பத்தில் நஷ்டத்துக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானிகள் விடுவார்களா? 2007-ல் மாசசூசெட்ஸ் டார்ட்மவுத் பல்கலைக்கழகத்தில் கௌரவ் கன்னா என்ற இயற்பியலாளர் எட்டு பிஎஸ்3-ஐ லினக்ஸ் போட்டு இணைத்து, கருந்துளைகளில் இருந்து வரும் ஈர்ப்பலைகளைக் கணக்கிட ஆரம்பித்தார். அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் 1,760 பிஎஸ்3-களை அடுக்கி 'காண்டோர்' என்று ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. மொத்தச் செலவு சுமார் 20 லட்சம் டாலர். அந்த வேகத்துக்கு அது கொசுறு விலை.

பிறகு கதவைச் சாத்தினார்கள். 2009-ல் வந்த மெலிதான பிஎஸ்3-ல் அந்த மெனு வரி இல்லை. சரி, புது மாடல், அவர்கள் இஷ்டம். 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் பிஎஸ்3-ன் பாதுகாப்பை உடைத்துவிட்டதாக அறிவித்தார். உடைக்க அவர் வழியாகப் பயன்படுத்தியது அந்த லினக்ஸ் வசதியைத்தான். 2010 ஏப்ரல் 1 அன்று, 3.21 என்ற அப்டேட் வந்தது. அது ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருந்த பெட்டிகளில் இருந்தும் அந்த வசதியை எடுத்துவிட்டது. தேதியைப் பார்த்து ஜோக் என்று நினைத்தவர்கள் உண்டு. அப்டேட் வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் ஆன்லைனில் விளையாட முடியாது, புது கேம்கள் ஓடாது. வாங்கும்போது இரண்டும் இருந்தது. இப்போது ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு.

எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வரும். ஃப்ளாட் வாங்கும்போது மொட்டை மாடியும் உண்டு என்று சொல்லி விற்றுவிட்டு, நாலு வருஷம் கழித்து மாடிக்குப் பூட்டுப் போட்டு, 'சாவி வேண்டுமென்றால் தண்ணீர் கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடு' என்றால் சும்மா இருப்பீர்களா? அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். எட்டு வருஷம் இழுத்து, 2018-ல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஆளுக்கு அதிகபட்சம் 65 டாலர். அதுவும் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும். நம் ஊரில் வாங்கியவர்களுக்கு எட்டணா கிடையாது.

இன்னொரு விளைவும் இருந்தது. லினக்ஸ் கதவு திறந்திருந்த வரை, திறமையான ஹேக்கர்களில் பலருக்கு பிஎஸ்3-ஐ உடைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது லினக்ஸ், அது இருந்தது. மூடியதும் வந்து உட்கார்ந்தார்கள். 2010 டிசம்பரில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு மேடையேறி, சோனியின் கையெழுத்துச் சாவியைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம் என்று காட்டியது. அந்த வகை டிஜிட்டல் கையெழுத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரகசிய எண்ணைச் சேர்க்க வேண்டும். சோனி ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைச் சேர்த்திருந்தது. அப்படியானால் இரண்டு கையெழுத்தை எடுத்தால் இரண்டு சமன்பாடு, தெரியாத எண்கள் இரண்டு. ஒன்பதாம் வகுப்பில் தீர்த்திருக்கிறோம். இதைச் சொன்னபோது பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கணக்கு எதற்குப் படிக்கிறோம் என்று அவனுக்கு நான் இதுவரை சொன்ன எந்த பதிலும் இவ்வளவு வேலை செய்ததில்லை.

சரி, பிஎஸ்4-க்கு வருவோம். இதில் சோனி லினக்ஸை ஆரம்பத்தில் இருந்தே அனுமதிக்கவில்லை. அதே ஃபெயில்ஓவர்ஃப்ளோ 2015 டிசம்பரில் பிஎஸ்4-ல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. மறு வருஷம் ஹாம்பர்க் மாநாட்டில் ஹெக்டர் மார்ட்டின் விளக்கமாகப் பேசினார். அந்தப் பேச்சின் சாரம்: இது எக்ஸ்86 தான், ஆனால் பிசி இல்லை. 1980-களின் ஐபிஎம் பிசியில் இருந்து வழிவழியாக வந்த டைமர் மாதிரி விஷயங்களை எந்த பிசியிலும் லினக்ஸ் இருக்கும் என்று நம்பித் தேடும். இதில் அவை இல்லை. யுஎஸ்பி, நெட்வொர்க், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் மார்வெல் நிறுவனத்தின் தனி சிப் ஒன்று பார்த்துக்கொள்கிறது. அதற்கென்று லினக்ஸ் கர்னலையே ஒட்டுப்போட்டுத் திருத்த வேண்டியிருந்தது. அதனால்தான் உபுண்டு தளத்தில் இருந்து இறக்கும் சாதாரண ஐஎஸ்ஓ இதில் ஓடாது. பிஎஸ்4-க்கென்று திருத்திய கர்னல் வேண்டும்.

பூட்டைத் திறப்பது எப்படி? திறப்பதில்லை. முன்வாசலில் எல்லாச் சோதனையும் முடிந்து, சோனியின் இயங்குதளம் எழுந்து உட்கார்ந்த பிறகு, அதில் உள்ள ஒரு ஓட்டை வழியாக உள்ளே போகிறோம். உள்ளே போய், கர்னல் அதிகாரத்தைப் பிடித்து, ஒரு சின்ன நிரலை ஓடவிட்டால், அது ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் டிரைவரை மாற்றுகிற மாதிரி, சோனியின் கர்னலை இறக்கிவிட்டு பென் டிரைவில் இருக்கும் லினக்ஸ் கர்னலை சீட்டில் உட்கார வைக்கும். ஹார்ட் டிஸ்க்கைத் தொட வேண்டியதே இல்லை. லினக்ஸ் முழுக்க வெளியே யுஎஸ்பியில் இருக்கும். ஆஃப் செய்து ஆன் செய்தால் பழைய பிஎஸ்4 திரும்ப வந்துவிடும். இதை அக்கா வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை, "சரி, ஆனா நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

எந்த ஓட்டை கிடைக்கும் என்பது சிஸ்டம் சாஃப்ட்வேர் எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்தது. முதலில் செட்டிங்ஸில் போய் அதைப் பாருங்கள். சோனி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டே வருகிறது. 9.00 பதிப்புக்கு ஒரு வழி 2021 டிசம்பரில் வெளியானது. 11.00 வரைக்கும் வேலை செய்யும் இன்னொரு வழி 2024-ல் வந்தது. அதில் பயன்பட்ட நெட்வொர்க் ஓட்டை 2006-லேயே பிஎஸ்டி உலகத்தில் அறிவிக்கப்பட்டு அடைக்கப்பட்ட ஒன்று. பதினெட்டு வருஷப் பழைய பிழை, கன்சோலுக்குள் அப்படியே தூங்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

எங்கள் பெட்டி 9.00. பரண்மேல் நெட் இல்லாமல் கிடந்ததால் அப்டேட் ஆகவில்லை. அந்தத் தூசிதான் காப்பாற்றியது. உங்களிடம் தினமும் ஆன்லைனில் விளையாடும் பெட்டி இருந்தால் அது எப்போதோ கடைசிப் பதிப்புக்குப் போயிருக்கும். அதற்கு இந்த எபிசோட் பொருந்தாது, பின்னோக்கிப் போகவும் முடியாது.

9.00-க்கு இரண்டு பென் டிரைவ் எடுத்துக்கொண்டோம். ஒன்றில் வேண்டுமென்றே கோணலாகத் தயாரித்த ஒரு எக்ஸ்ஃபேட் பகுதி. அதைப் படிக்கப் போகும்போதுதான் பிஎஸ்4 கர்னல் தடுக்கி விழும். இன்னொன்று ஃபேட்32-ல், லினக்ஸ் கர்னலும் ஆரம்பக் கோப்பும். தவிர ஒரு பழைய 500 ஜிபி வெளி ஹார்ட் டிஸ்க், அதில்தான் லினக்ஸ் குடியிருக்கப்போகிறது. என் லேப்டாப்பைக் குட்டி வெப் சர்வராக்கி, பிஎஸ்4 பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்தோம். இன்டர்நெட் கொடுக்கவில்லை. கொடுத்தால் முதல் வேலையாக அப்டேட் கேட்கும்.

பக்கம் ஓடும், 'இப்போது யுஎஸ்பியைச் செருகு' என்று சொல்லும், செருக வேண்டும், எடுக்கச் சொன்னதும் எடுக்க வேண்டும். கேட்க எளிது. முதல் தடவை பெட்டி பொத்தென்று அணைந்தது. இரண்டாவது தடவையும். இது சகஜம், கர்னல் விழுகிற விதம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது. நான் சகஜம் என்று சொல்லச் சொல்ல அக்கா வீட்டுக்காரர் முகம் இறுகிக்கொண்டே போனது. நாலாவது தடவை, பெட்டி அணைந்து திரும்ப எழுந்து, ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டு இருக்கும்போது, கரண்ட் போய்விட்டது.

ஹாலில் யாரும் பேசவில்லை. இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹார்ட் டிஸ்க்கைத் தொட மாட்டோம் என்று நான் சொன்னது லினக்ஸுக்குப் பொருந்தும், திரும்பத் திரும்ப விழுந்து எழும் பிஎஸ்4-க்குப் பொருந்தாது. எழுதிக்கொண்டு இருக்கும்போது அணைந்தால் எந்த டிஸ்க்கிலும் எதுவும் கெடலாம். முதலில் சேவ் கோப்பை ஒரு பென் டிரைவுக்கு நகல் எடுத்திருக்க வேண்டும். பிஎஸ்4-லேயே அதற்கு மெனு இருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை. நான் செய்யவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

நாற்பது நிமிஷம் கழித்து கரண்ட் வந்தது. பெட்டி மறுபடி சோதனை செய்தது, மெதுவாக எழுந்தது. அவர் கன்ட்ரோலரை என்னிடம் இருந்து வாங்கி, கேமைத் திறந்து, பேட்ஸ்மேன் இருக்கிறானா என்று பார்த்தார். இருந்தான். சேவ் கோப்பை பென் டிரைவுக்கு நகல் எடுத்து, அந்த டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப பண்ணுங்க."

ஆறாவது தடவை வேலை செய்தது. ஆனால் டிவி கறுப்பாகவே இருந்தது. பிஎஸ்4 லினக்ஸில் எச்டிஎம்ஐ கொஞ்சம் அடம் பிடிக்கும், சில திரைகளோடு ஒத்துப்போகாது. என் வீட்டு மானிட்டரைத் தூக்கி வந்து மாட்டினேன். வரிவரியாக எழுத்து ஓடியது. பையன் எழுந்து நின்றுவிட்டான். லாகின் திரை, டெஸ்க்டாப், டெர்மினல். அவன் முதலில் செய்தது, ஜிசிசி இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. 'வணக்கம்' என்று அச்சிடும் நாலு வரி சி நிரலை எழுதி ஓட்டினான். முழு அளவு கீபோர்டில்.

எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். ஜாகுவார் கோர்கள் 2013-லேயே வேகத்துக்குப் பேர் போனவை இல்லை. சி, பைத்தான், வெப் பக்கங்கள் சிலது, பிடிஎஃப் எல்லாம் தாராளம். பிரவுசரில் இருபது டேப் திறந்தால் திணறும். 8 ஜிபி மெமரியை கிராஃபிக்ஸும் பங்குபோட்டுக்கொள்ளும். எவ்வளவு யாருக்கு என்று தொடங்கும்போதே தேர்ந்தெடுக்கலாம், நாங்கள் கிராஃபிக்ஸுக்கு 1 ஜிபி மட்டும் விட்டோம். தூங்கவைத்து எழுப்பும் வசதியை நம்பவில்லை, முழுசாக அணைத்துவிடுவோம். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் அந்த இரண்டு பென் டிரைவ் சடங்கைத் திரும்பச் செய்ய வேண்டும். கரண்ட்? முதல் மாடல் பிஎஸ்4-ன் பின்பக்கம் அதிகபட்சம் 250 வாட் என்று போட்டிருக்கிறது. சாதாரண லேப்டாப் சார்ஜர் 65 வாட். அவ்வளவு முழுசாக இழுக்காது, ஆனாலும் பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி சரியா என்று கண்டிப்பாகக் கேட்பீர்கள். நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு என்கிறது. அதில் 'நோக்கத்தோடு' என்ற சொல் முக்கியம். நான் வக்கீல் இல்லை. ஆனால் திருட்டு கேம் ஓட்டுவதும், சொந்தப் பெட்டியில் லினக்ஸ் போடுவதும் ஒன்று இல்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். திருட்டு கேம் பற்றி எனக்கு மெசேஜ் போடாதீர்கள், பதில் வராது. இப்படிச் செய்த பெட்டியை பிஎஸ்என்-ல் இணைத்தால் கணக்கைத் தடைசெய்ய அவர்களுக்கு விதிமுறையில் இடம் இருக்கிறது. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். யாரோ தயாரித்து யாரோ ஏற்றிவைத்த ரெடிமேட் லினக்ஸ் கோப்பை இறக்கினால், அதில் பேங்க் பாஸ்வேர்டு அடிக்காதீர்கள். நான் பையனுக்குப் போட்ட ஒரே சட்டம் அதுதான்.

இதற்காக ஒரு பழைய பிஎஸ்4 வாங்கலாமா? வேண்டாம். வேண்டவே வேண்டாம். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு பழைய ஆபீஸ் லேப்டாப் வாங்கி லினக்ஸ் போடுங்கள். பேட்டரி இருக்கும், கரண்ட் போனால் பயம் இல்லை, பென் டிரைவ் சடங்கு இல்லை. பரண்மேல் ஏற்கெனவே கிடக்கிற பெட்டிக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு சரிவரும்.

இந்தக் களேபரத்தில் ஒன்று கவனித்தேன். பீரோமேல் இருந்த அக்கா மகளின் அரசு லேப்டாப்பைச் சும்மா இறக்கிப் பார்த்தோம். அதில் விண்டோஸோடு கூட பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சி-டாக் உருவாக்கியது, டெபியன் வழி வந்தது. அதாவது இந்த வீட்டுக்குள் லினக்ஸ் எப்போதோ முறைப்படி, கையெழுத்தோடு, இலவசமாக வந்துவிட்டது. தெருவுக்குத் தெரு அப்படி வந்தது. நான் உட்பட யாரும் அதைத் திறந்து இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டவில்லை. அக்கா மகளிடம் கேட்டேன். "அந்த இன்னொன்னா மாமா? தெரியாம அது வந்துட்டா உடனே ரீஸ்டார்ட் பண்ணிடுவேன்" என்றாள்.

இப்போது அக்கா வீட்டில் டைம்டேபிள் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஆறில் இருந்து ஒன்பதரை வரை பெட்டி பையனுக்கு, மானிட்டரில். பத்து மணிக்கு மேல் அப்பாவுக்கு, டிவியில். டிஸ்க் டிரைவும் ஒருவழியாகச் சரியானது, உள்ளே ஒரு ரூபாய் நாணயம் இருந்தது. எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றுதான் இருப்பதால், ஒன்பதரைக்கு அவர் வந்து பையன் பின்னால் நின்றுகொள்கிறார். நேற்று நான் போயிருந்தபோது திரையில் ஏதோ பிழைச் செய்தி. அவர் குனிந்து பார்த்து, "பதினாலாவது லைன்ல அரைப்புள்ளி இல்ல" என்றார். இல்லைதான்.

லேப் தேர்வு இன்னும் ஐந்து வாரத்தில். என் மானிட்டர் அதுவரைக்கும் திரும்பி வராது போலிருக்கிறது, அதனால் அடுத்த எபிசோடையும் போனில்தான் எடிட் செய்யப்போகிறேன். ஆடியோ கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.